‘ஃபுல் ஸ்க்ரீன்’ என்று சொல்லிப் பாதிப் படம் தருகிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ்ப் படங்கள் வரிசையாகத் துல்லியமான தரத்தில் இணையத்தில் ஏறுவதைப் பாராட்டி உங்கள் சினிமா பக்கத்தில் கட்டுரை வந்திருந்தது. வருவது நல்லதுதான், எனக்கும் சந்தோஷம். ஆனால் அப்படி வரும் படங்களில் பலவற்றுக்கு இரண்டு பக்கமும் இல்லை. சிலவற்றுக்குத் தலையும் காலும் இல்லை. டிவித் திரையை நிறைக்க வேண்டும் என்று படத்தின் ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். வண்ணம், ஒலி, கீறல் நீக்கியது என்று எல்லாவற்றையும் பேசிய அந்தக் கட்டுரை இதைத் தொடவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் திண்டுக்கல்லில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் குச்சி எரிந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஃபிலிம் பெட்டி வருவது நின்று, படம் ஹார்டு டிஸ்க்கிலும் சாட்டிலைட்டிலும் வரத் தொடங்கியபோது வெளியே வந்தேன். ஒரு படத்தை விமர்சகர் ஒரு தடவை பார்ப்பார், ரசிகர் நாலைந்து தடவை பார்ப்பார். ஆபரேட்டர் தினம் நாலு ஆட்டம், படம் ஊரை விட்டுப் போகும்வரை பார்ப்பார். எந்த ஷாட்டில் யார் எந்த ஓரத்தில் நிற்கிறார் என்பது மனதில் பதிந்துபோயிருக்கும். அந்த நினைவில்தான் எழுதுகிறேன்.

ஸ்கோப், அதாவது அகலத் திரைக்கு எடுத்த சினிமாஸ்கோப் படத்தின் பிரிண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஆட்கள் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார்கள். படம் பிடிக்கும்போதே காமிராவில் உள்ள லென்ஸ் அகலத்தைப் பாதியாகச் சுருக்கி அந்த 35 எம்.எம். ஃபிலிமுக்குள் அடக்கிவிடும். தியேட்டரில் புரொஜெக்டருக்கு முன்னால் நாங்கள் மாட்டும் ஸ்கோப் லென்ஸ் அதைத் திரும்ப இரண்டு மடங்கு விரிக்கும். திரையில் உயரம் 1 என்றால் அகலம் 2.35 வரும். ஹாலிவுட்டில் இது 1953இல் வந்தது. இந்தியாவில் முதல் சினிமாஸ்கோப் படம் குரு தத்தின் ‘காகஸ் கே பூல்’, 1959. தமிழுக்கு வர 1973 ஆனது. ஏ.பி. நாகராஜன் இயக்கி சிவாஜி நடித்த ‘ராஜ ராஜ சோழன்’தான் நம் முதல் ஸ்கோப். இந்த 1973ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எங்கள் தியேட்டரில் நியூஸ் ரீல் ஓடும்போது திரையின் இரண்டு ஓரத்தையும் கறுப்புத் துணி மூடியிருக்கும். அடுத்து வரப்போவது ஸ்கோப் படம் என்றால், சென்சார் சர்டிபிகேட் திரையில் விழுவதற்குள் அந்தத் துணியை இழுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் வெள்ளைத் திரை விரியும்போதே முன் பெஞ்சில் விசில் கிளம்பிவிடும். அப்போது ஹீரோ வந்திருக்க மாட்டார், டைட்டில் கூட ஆரம்பித்திருக்காது. ஜனங்கள் அந்த அகலத்துக்கே விசில் அடித்தார்கள். 1986இல் ‘ஊமை விழிகள்’ வந்தது. திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த இளைஞர்கள் எடுத்த ஸ்கோப் படம். அதே ஆண்டு ‘மாவீரன்’ தமிழின் முதல் 70 எம்.எம். படமாக வந்தது. அந்த அகலத்துக்காகத் தயாரிப்பாளர் கூடுதலாகச் செலவழித்தார். தியேட்டர்காரர் லென்ஸும் பெரிய திரையும் வாங்கிப் போட்டார். பார்க்கிறவர்களும் அதற்காகவே டவுனுக்கு பஸ் ஏறி வந்தார்கள்.

அப்புறம் அந்தப் படங்கள் வீட்டுக்கு வந்தன. முதலில் கேசட், பிறகு வி.சி.டி., பிறகு டி.வி.டி.

என்ன நடந்தது என்பதை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம், யாரையும் குறிவைப்பது என் நோக்கம் இல்லை. 1980களின் கடைசியில் வந்த ஒரு குடும்பக் கதை, ஸ்கோப். அதில் ஒரு திண்ணைக் காட்சி. இடது ஓரத்தில் அம்மா உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். வலது ஓரத்தில் மகள் பையோடு நிற்பாள். நடுவில் ஒரு மரத்தூண். ஒருவரை ஒருவர் பார்க்காமலே பேசிக்கொள்வார்கள். காமிரா அசையவே அசையாது. பேச்சுக்கு நடுவில் புடைக்கிற சத்தம் நின்றுவிடும். எல்லாரும் அம்மாவைப் பார்ப்பார்கள். திரும்ப மகளைப் பார்ப்பதற்குள் அவள் படியிறங்கியிருப்பாள். அந்த இடத்தில் ஒவ்வொரு ஆட்டத்திலும் பெண்கள் பகுதியிலிருந்து ஒரு ‘த்சொ’ சத்தம் கேபின்வரை கேட்கும்.

இந்தப் படத்தின் டி.வி.டி.யைப் பல வருஷம் கழித்து வாங்கிப் போட்டேன். உறையில் ‘ஃபுல் ஸ்க்ரீன்’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். திண்ணைக் காட்சி வந்தது. நட்ட நடுவில் தூண். அதன் இடது பக்கம் முறத்தின் ஒரு விளிம்பு, அதிலிருந்து எழும்பி விழுகிற அரிசி. ஆளைக் காணோம். அம்மாவின் குரல் மட்டும் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் படம் தானாக வலது பக்கம் நகர்கிறது. தூண் சறுக்கிக்கொண்டே போய் மறைய, மகள் வருகிறாள். ஒளிப்பதிவாளர் அசைக்காத காமிராவை, ஃபிலிமை வீடியோவாக மாற்றும் டெலிசினி மேஜையில் உட்கார்ந்த யாரோ ஒருவர் அசைத்திருக்கிறார். அவள் படியிறங்குவதையும் காட்டவில்லை. அதற்குள் படம் மறுபடி இடது பக்கம் போய்விட்டது, அரிசி நின்றதைக் காட்ட. என் மனைவி, “அந்தப் பொண்ணு எப்ப போச்சு?” என்று கேட்டார். படத்தை எடுத்தவர்கள் அந்தக் கேள்விக்கு இடமே வைக்கவில்லை.

அதே டிஸ்க்கில் டைட்டில் மட்டும் முழுதாக இருந்தது. எழுத்தெல்லாம் ஒடுங்கி நெட்டையாக, அகலம் முழுவதும் சதுர டிவிக்குள் நெருக்கித் திணித்திருந்தார்கள். வெட்டினால் பெயர்கள் போய்விடும் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். இயக்குநர் பெயர் வந்து மறைந்த அடுத்த நொடி, ஒரு குதி குதித்துப் படம் வெட்டுப்பட்ட அளவுக்கு மாறியது. பழைய டிஸ்க்குகளில் நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். முழுப் படமும் அவர்கள் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஃபிலிம் தேய்ந்து ஓரம் போகவில்லை. தெரிந்தே எடுத்தார்கள்.

ஆபரேட்டர்களுக்கு இன்னொரு அடையாளமும் தெரியும். ஒவ்வொரு ரீல் முடியும்போதும் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். முதல் புள்ளிக்கு, அடுத்த ரீல் மாட்டியிருக்கும் இரண்டாவது புரொஜெக்டரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடி கழித்து வரும் இரண்டாவது புள்ளிக்குப் படத்தை அதற்கு மாற்ற வேண்டும். தியேட்டர் பிரிண்டிலிருந்து எடுத்த டிஸ்க்கில் அந்தப் புள்ளி தெரிய வேண்டும். ரீல் மாறுகிறது, சத்தத்தில் ஒரு சின்ன வெட்டு கேட்கிறது, புள்ளி மட்டும் வரவில்லை என்றால் அந்த மூலையே நம் வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

கணக்கு எளிதுதான். தியேட்டர் திரையில் அகலம் 100 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பழைய சதுர டிவியை நிறைக்க அதை வெட்டினால் 57 அங்குலம் மிஞ்சும். இன்றைய அகல டிவிக்கு வெட்டினால் 76 அங்குலம், அதாவது கால்வாசி போய்விடுகிறது. இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. அன்று சதுர டிவிக்காக ஓரம் வெட்டிய அதே மூல வீடியோ பிரதியை எடுத்து, இன்றைய டிவியை நிறைக்க மேலும் கீழும் மறுபடி வெட்டி ஏற்றுகிறார்கள். இரண்டு வெட்டும் சேர்ந்தால், ஒளிப்பதிவாளர் எடுத்ததில் 100க்கு 43 பங்குதான் நம் கண்ணுக்கு வருகிறது. அதன் தலையில் ‘எச்.டி.’ என்று போடுகிறார்கள். ஒரு பக்கம் சேனல் முத்திரை, அடியில் ஓடும் விளம்பரம் என்று அந்த 43லும் கொஞ்சம் மறைகிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் 14 அங்குல டிவியில் முழு ஸ்கோப்பையும் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக நடுவில் ஒரு நாடா அளவுதான் படம் தெரியும். வி.சி.டி.யில் படத்தின் உயரத்துக்கு மொத்தமே 288 வரிதான். அதில் ஸ்கோப்புக்குக் கிடைப்பது 160 சொச்சம். முகம் தெரியாது. கடைக்காரரிடம் வந்து “பாதி டிவிதான் தெரியுது, மாத்திக் குடுங்க” என்று சண்டை போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காசு கொடுத்தவர்கள் டிவி நிறையப் படம் வேண்டும் என்றார்கள். கம்பெனிக்காரர்களும் அதற்குத் தக்கபடி செய்தார்கள். அப்போதே இரண்டு விதமாகவும் போட்டிருக்கலாம், வெளிநாட்டில் ஒரே படத்துக்கு அகலத் திரை டிஸ்க் தனியாக, முழுத்திரை டிஸ்க் தனியாக விற்றார்கள். இங்கே செய்யவில்லை. சரி, போகட்டும். இன்று அந்தக் காரணம் எதுவும் இல்லையே. நாலு அடி அகல டிவி சாதாரண வீட்டிலும் இருக்கிறது. கறுப்புப் பட்டை பிடிக்காதவர்களுக்கு ரிமோட்டில் ‘ஜூம்’ இருக்கிறது, அவர்கள் வீட்டில் அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும். வெட்டி அனுப்பியதைத் திரும்பக் கொண்டுவர எந்த ரிமோட்டிலும் பொத்தான் கிடையாது.

இதில் ஒன்றை யாருமே யோசிக்கவில்லை. இன்று இளைஞர்கள் படம் பார்ப்பது பெரும்பாலும் மொபைலில். புது மொபைல்களைப் படுக்கவைத்தால் அதன் அகலம் ஏறக்குறைய ஸ்கோப்பை நெருங்குகிறது. முழு அகலத்தில் ஏற்றியிருந்தால் ‘ஊமை விழிகள்’ காலத்துப் படம் அதில் அழகாகப் பொருந்தும். டிவியை நிறைக்க வெட்டியதை அதே மொபைலில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பு விழுகிறது. எந்தக் கறுப்பு கூடாது என்று வெட்டினார்களோ, அது பக்கவாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. நாளைக்கு என்ன வடிவத்தில் திரை வரும் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு தடவையும் வெட்டிக்கொண்டே போவார்களா?

இப்போது அந்த 1973க்கு வருகிறேன். அதற்கு முன் தமிழில் ஸ்கோப்பே கிடையாது. படங்கள் ஏறக்குறைய சதுரமாக, பழைய டிவி வடிவத்தில்தான் இருந்தன. ஆகவே 1973க்கு முந்தைய தமிழ்ப் படம் ஒன்று உங்கள் புது டிவியை ஓரம் முதல் ஓரம் வரை நிறைத்து நின்றால், அதை மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது பக்கவாட்டில் இழுத்து ஆட்களைக் குண்டாக்கியிருக்கிறார்கள். இரண்டில் ஒன்று நிச்சயம். ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968. அதில் பத்மினி ஆடும்போது பாதம் தெரிய வேண்டாமா? சலங்கைச் சத்தம் கேட்கிறது, முழங்காலோடு படம் முடிகிறது என்றால் அதற்குப் பெயர் நாட்டியமா? ஆடியவரும், ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவரும், தலை முதல் பாதம் வரை வருகிற மாதிரி காமிராவைத் தள்ளி வைத்தவரும் வேலை தெரியாதவர்களா?

‘கர்ணன்’ 2012இல் மறுபடி தியேட்டருக்கு வந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பார்த்தார்கள். சிவாஜி படத்துக்கு மறுபடி அப்படி ஒரு வரவேற்பு என்பதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் மற்ற பழைய படங்களையும் தூசி தட்டினார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 1964இல் சதுரமாக எடுத்த அந்தப் படத்தைச் சினிமாஸ்கோப்புக்கு மாற்றித்தான் வெளியிட்டார்கள். ஆட்களை இழுத்துக் குண்டாக்காமல் சதுரத்தை ஸ்கோப் ஆக்க, உயரத்தில் நிறைய இழப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. பழைய வடிவத்திலேயே, இரண்டு பக்கமும் துணியை மூடி ஓட்டியிருந்தாலும் அந்தக் கூட்டம் வந்திருக்கும் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். அவர்கள் வந்தது சிவாஜிக்காக.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. படைப்பைச் சிதைத்து அதனால் ஆசிரியரின் பெயர் கெட்டால், உரிமையை விற்றுவிட்ட பிறகும் அவர் எதிர்க்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே சட்டப்படி சினிமாவுக்கு ‘ஆசிரியர்’ என்றால் தயாரிப்பாளர். இயக்குநரும் இல்லை, ஒளிப்பதிவாளரும் இல்லை. டிஸ்க் உரிமையை விற்றவர் பெரும்பாலும் அவரேதான், அவர் யார் மேல் வழக்குப் போடுவார்? சென்சாரில் சான்றிதழ் வாங்கிய படத்தில் பிறகு ஒரு காட்சியைக் கூட்டினாலோ குறைத்தாலோ வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படம் முழுக்க, ஒவ்வொரு ஃப்ரேமிலும் கால்வாசியை எடுத்துவிட்டால் அதைக் கேட்க யாரும் இல்லை. நீளத்தில் கை வைத்தால் குற்றம், அகலத்தில் கை வைத்தால் ஒன்றுமில்லை. இது எப்படிச் சரியாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், நெகட்டிவ்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஃபிலிம் ஒழுங்கான குளிர்ச்சியில் இல்லாவிட்டால் புளித்துப்போகும். டப்பாவைத் திறந்தாலே காடி வாடை மூக்கைத் துளைக்கும். அப்புறம் சுருங்கி, வளைந்து, எந்த மெஷினிலும் ஏறாது. சென்னையில் படம் கழுவிய லேப்கள் டிஜிட்டல் வந்ததும் மூடிவிட்டன. அங்கே இருந்த நெகட்டிவ்களில் உரிமையாளர் வந்து எடுத்துப் போனதும் உண்டு, தேடி யாரும் வராததும் உண்டு. புனேயில் 1964இலிருந்து தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஆனால் நம் படங்கள் எல்லாமும் அங்கே போய்ச் சேரவில்லை. நெகட்டிவும் இல்லை, நல்ல பிரிண்டும் இல்லை என்று ஆகிவிட்ட படத்துக்கு, அன்று டிவிக்காக ஓரம் வெட்டி எடுத்த வீடியோ டேப்தான் கடைசிப் பிரதி. அந்தத் திண்ணைக் காட்சியில் அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பது அந்தப் படத்தை ஓட்டியவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் மட்டும் தெரியும் என்கிற நிலைமை அது. நாங்கள் எல்லாரும் வயதானவர்கள்.

ஒரு விவரம், இதைத் தெரிந்தவர்கள் கேள்வி கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். பிற்காலத்தில், அகலத்தைச் சுருக்கும் லென்ஸ் இல்லாமல் ‘சூப்பர் 35’ முறையில் எடுத்த படங்களில் நெகட்டிவில் மேலும் கீழும் கூடுதல் இடம் இருக்கும். அதைத் திறந்து டிவியை நிறைத்தால் பக்கவாட்டில் பெரிதாகப் போகாது. ஆனால் அங்கேயும் இயக்குநர் காட்ட விரும்பாத மைக்கும் விளக்குக் கம்பியும் தலைகாட்டும். எப்படியானாலும் எடுத்தவர் தீர்மானித்த வடிவம் ஒன்று உண்டு, அதைத்தான் தர வேண்டும்.

பழைய படங்களின் உரிமை வைத்திருப்பவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். இனிமேல் ஸ்கேன் செய்யும்போது நெகட்டிவின் முழு அகலத்தையும் முழு உயரத்தையும் எடுத்து வையுங்கள். செலவு ஒன்றுதான், மெஷின் முழு ஃப்ரேமையும்தான் பார்க்கிறது. வெட்டுவது அதற்குப் பிறகு, கம்ப்யூட்டரில், கூடுதலாக ஒரு வேலை செய்துதான் நடக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் விட்டாலே போதும். வெட்டித்தான் ஏற்றுவோம் என்றால், ‘திரைக்கு ஏற்ப வெட்டப்பட்டது’ என்று தொடக்கத்தில் ஒரு வரி போடுங்கள், பார்ப்பவர்கள் தெரிந்து பார்க்கட்டும். தென்னிந்திய ஒளிப்பதிவாளர் சங்கம் இதில் வாய் திறக்க வேண்டும். வெட்டுப்படுவது அவர்கள் மூத்தவர்களின் உழைப்பு. இன்று எடுக்கும் படத்துக்கு ஒப்பந்தத்திலேயே ‘எடுத்த வடிவத்தில்தான் வெளியிட வேண்டும்’ என்று ஒரு பிரிவு சேர்க்கச் சொல்லிப் போராடினால் அவர்கள் பின்னால் ரசிகர்கள் நிற்பார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பழைய படம் ஒன்று புதிதாக இணையத்திலோ டிவியிலோ வருகிறது என்று எழுதும்போது, நடிகர்கள், இசை, பாடல்கள் என்று வரும் அந்தச் சின்னப் பெட்டியில் இன்னொரு வரி சேருங்கள்: எடுத்த வடிவத்தில் வருகிறதா, வெட்டி வருகிறதா. கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. 1973க்கு முந்தைய படம் என்றால் வெளியான ஆண்டையும் டிவியின் இரண்டு ஓரத்தையும் பார்த்தால் போதும். பிந்தைய படம் என்றால் டைட்டில் முடியும் இடத்தில் படம் குதிக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் படத்தின் பெயரை எனக்கு எழுதுங்கள். நான் ஓட்டிய படமாக இருந்தால் எந்த ஓரத்தில் யார் நின்றார் என்று எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
திண்டுக்கல்.